பலகை முறிவது விதியன்று, கணக்கு

சிங்கப்பூரின் வானுயர்ந்த கட்டடங்களைப் பார்த்துப் பெருமிதம் கொள்ளும் நாம், அவற்றை எழுப்பிய தொழிலாளி நின்ற பலகையைப் பற்றி என்றேனும் சிந்தித்ததுண்டா? 2022ஆம் ஆண்டில் அந்நாட்டில் பணியிட விபத்துகளில் 46 பேர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் அரசே சிறப்புப் பாதுகாப்புக் காலத்தை அறிவிக்க நேர்ந்தது. ஆயினும் சாரத்திலிருந்து தமிழகத் தொழிலாளி ஒருவர் விழுந்தால் முதலில் எழும் சொல் "கவனக்குறைவு" என்பதே. விழுந்தவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான் என்னும் துணிவிலிருந்து பிறக்கும் சொல் அது.

உண்மை என்ன? சிறு ஒப்பந்தப் பணிகளில் குறுக்குக் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டுவார்கள். பலகை தொய்ந்தால் மேலே இன்னொன்றை வைத்து ஆணி அடித்து, "வலுப்படுத்திவிட்டோம்" என்பார்கள். பொறியியல் முதலாண்டு மாணவனும் இதனை ஏற்கமாட்டான்.

தூரத்தை இருமடங்காக்கினால், நடுவில் நிற்கும் ஒரே ஆளின் எடைக்கே பலகையின் தொய்வு எட்டு மடங்காகும். எடை பலகை நெடுகப் பரவி நின்றால், வளைக்கும் விசை நான்கு மடங்காகும். ஆணியடித்த இரு பலகைகளோ ஒன்றின்மீது ஒன்று வழுக்குகின்றன. ஆகவே வலிமையும் விறைப்பும் ஏறக்குறைய இருமடங்கு மட்டுமே உயரும். அவ்விரண்டும் ஒரே பலகைபோல் முழுமையாக ஒட்டியிருந்தால்தான் வலிமை நான்கு மடங்கும் விறைப்பு எட்டு மடங்கும் ஆகும். போதாக்குறைக்கு, இழுவிசை மிகுந்த நடுப்பகுதியின் அடிப்புறத்தில் ஆணி இறங்கினால், முறிவு தொடங்குமிடத்தை நாமே குறித்துக் கொடுத்தவர்களாகிறோம்.

பிரிட்டனில் 38 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாரப்பலகைக்கு 1.5 மீட்டருக்கு மேல் இடைவெளி வழங்கப்படுவதில்லை. அமெரிக்க விதிப்படி, தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தில் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் மேடை தொய்யக்கூடாது. அதாவது 3 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர்.

நீண்ட இடைவெளியே கூடாது என்பதல்ல எமது வாதம். ஆலையில் அடுக்கி ஒட்டிச் சோதிக்கப்பட்ட மரப்பலகைகள் உண்டு. உலோக மேடைகளும் உண்டு. பொறியாளர் கணக்கிட்டு, நெடுக எஃகுக் கோணச் சட்டம் பொருத்தலாம். எதற்கும் வசதியில்லையெனில் நடுவில் ஒரு குறுக்குக் குழாய் போதும். அந்த ஒரு குழாயின் விலையைவிடத் தமிழனின் உயிர் மலிவானதா?

சிங்கப்பூரில் சட்டம் இல்லாமலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உண்டு. 2011இல் சாரங்களுக்கெனத் தனி ஒழுங்குவிதிகளும் வந்தன. பணியில் காயமுற்றவர் இழப்பீடு பெற, முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இதனை அறியாமல் வெறுங்கையோடு ஊர் திரும்புவோர் எத்தனை பேர்!

வேதனை யாதெனில், "ஏறுடா, ஒன்றும் ஆகாது" என்று அதட்டும் மேற்பார்வையாளர் பல இடங்களில் நம்மவரே. கணக்கறிந்த பொறியியல் பட்டதாரிகளான நாமும் குளிரூட்டிய அறைகளில் வாய்மூடி இருக்கிறோம். இரண்டும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள்.

தொழிலாளத் தோழர்களே! ஏறுமுன் பலகையின் கீழே பாருங்கள். வெடிப்பும் ஆணித் துளையும் தொய்வும் கண்டால் கைப்பேசியில் படமெடுங்கள், எழுத்தில் முறையிடுங்கள், ஏற மறுங்கள். படித்த உறவுகளே! அந்த முறையீட்டை எழுதித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஊரில் ஒரு குடும்பம் அந்தப் பலகையின்மீதுதான் நிற்கிறது.