எச்சரித்துவிட்டோம் என்பவர்களுக்கு

தோட்டத்து லயத்திலே சுவர் வெடித்தால், வெடித்த சுவரைப்பற்றி யாரும் பேசுவதில்லை. அதை வாய்விட்டுச் சொன்னவனுடைய திமிரைப்பற்றியே பேச்சு நடக்கிறது. காரணம் யாவரும் அறிந்ததே. தோட்டத்தில் வீட்டுக்காரரும் கூலி கொடுப்பவரும் ஒருவரே. கூரையைப்பற்றிக் குறை சொல்லுகிறவன் தன் வேலையைப் பணயம் வைத்தே சொல்லுகிறான். ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில், சரிவை வெட்டி வீடு கட்டியிருக்கும் இந்தக் கியா பார்ம் பக்கத்திலே, மழைக்காலத்தில் நாம் அன்றாடம் காண்பது இதுதான்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை இலங்கை காட்டியிருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29 காலையில், மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடலும் அகப்படவில்லை. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் வெளியேறவேண்டும் என்று தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் 2005-லும் 2011-லும் அறிவித்திருந்தனர். ஒன்பது வருஷம்! அவகாசம் போதாதென்று யார் சொல்லக்கூடும்?

பிணங்களைத் தோண்டும்போதே வாதம் கிளம்பிற்று. "போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்றது ஒரு கட்சி. "எங்கே போவது, நிலம் யார் கொடுத்தார்?" என்றனர் பிழைத்தவர்கள். நாம் கேட்கின்றோம்: மாற்று வீடு காட்டாமல் "போ" என்று சொல்வது எச்சரிக்கையா, அல்லது பின்னால் வரும் விசாரணைக்கு முன்கூட்டியே தேடிக்கொண்ட சாக்கா? அங்கே 1992-ல் நிர்வாகம் கம்பெனிகள் கைக்கு வந்தது. நிலம் சர்க்காருடையதாகவே இருந்தது. கம்பெனியைக் கேட்டால் சர்க்காரையும், சர்க்காரைக் கேட்டால் கம்பெனியையும் காட்டலாமல்லவா? இருவர் விரலுக்கும் நடுவிலே லயம் புதைந்தது. இதைத் தலைவிதி என்று சொல்லுவோர் இன்னும் இருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையம் தேதியிட்டுச் சொன்ன விதியை நாம் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

மலேசியாவில் சட்டமில்லை என்று யாரும் தப்பமுடியாது. தொழிலாளர் வீட்டுவசதிக்கென 1990-ஆம் வருஷத்து 446-ஆம் சட்டம் இருக்கிறது. வீட்டைப் பழுதின்றி வைப்பது முதலாளியின் கடமை. 2019-ல் திருத்தப்பட்டு, தீபகற்பத்தில் 2020 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். அஃதின்றிக் குடிவைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைமாடிகளில் வாடகைக்கு இருக்கும் பட்டணத்து நண்பர்கள் மாவட்ட மன்றத்தை நாடலாம். இடியும் நிலையிலுள்ள ஆபத்தான கட்டிடங்களைக் கவனிக்க 1974-ஆம் வருஷத்துத் தெரு, வடிகால், கட்டிடச் சட்டம் அம்மன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

ஆனால் சட்டம் தானாக நடந்து லயத்துக்கு வராது. எம் தொழிலைச் சேர்ந்த கிராணிமார் சிலர், ஏழை ஒருவன் மனு எழுதக் கேட்டால், "துரையிடம் வாயாலேயே சொல்லிவிடு, எழுத்தெல்லாம் எதற்கு?" என்று புத்தி சொல்லி அனுப்புகிறார்கள். வாயால் சொன்னதை "யாரும் சொல்லவில்லை" என்று மறுக்க எத்தனை நிமிஷம் ஆகும்? ஒருவன் பெயரால் போனால் அவன் ஒருவனே வேலையை இழப்பான். ஆகையால் லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டு எழுதுக. வீட்டு எண், தேதி, பழுதின் அளவு, படம் யாவும் சேர்க்க. ஒரு பிரதி மானேஜருக்கு, ஒரு பிரதி தொழிலாளர் இலாகாவுக்கு. மூன்றாவது பிரதியில், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிப் பெட்டியில் வைக்க. சுவர் வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுக. அடுத்த மாதம் வெடிப்பு அக்கோட்டைத் தாண்டியிருந்தால், அந்த அளவையும் சேர்த்து இரண்டாவது மனு போகட்டும்.