கொல்லத்துல அச்சான 16 பக்கம்

தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் எதுன்னு கேட்டா, குரூப்-2 பரீட்சைக்குப் படிச்சவங்க டக்குனு 'தம்பிரான் வணக்கம்'னு சொல்லிடுவாங்க. 1578 அக்டோபர் 20, கொல்லம். தமிழாக்கியவர் அண்ட்ரிக் அடிகளார் என்கிற போர்த்துக்கீசியப் பாதிரியார். மொத்தமே 16 பக்கம். ஆனா அது இப்ப எங்க இருக்குன்னு கேட்டுப் பாருங்க, பாதி பேருக்குத் தெரியாது.

தெரிஞ்சவரைக்கும் உலகத்துல ஒரே ஒரு பிரதிதான். அது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கு. 1580ல கொச்சியில அச்சான 'கொம்பெசியொனாயரு' (பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படின்னு சொல்ற கையேடு) ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில்.

இதைச் சொன்னதும் ரெண்டு விதமான ஆட்கள் கிளம்பி வருவாங்க. முதல் கோஷ்டி, "நம்ம சொத்து, திருப்பிக் கொடு!" இவங்க கோபத்துல நியாயம் இல்லாம இல்லை. அந்த அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 400 குருசாது கொடுத்திருக்காங்க. கடல்ல மூழ்கி முத்தெடுத்த காசு. இன்னிக்கு அவங்க வம்சத்துல ஒருத்தர் தூத்துக்குடியிலேர்ந்து அந்தத் தாளைத் தொட்டுப் பார்க்கணும்னா பாஸ்போர்ட், விசா, பாஸ்டனுக்கு டிக்கெட் எல்லாம் வேணும்.

ஆனா திருப்பி வாங்கி எங்க வைக்கறதா உத்தேசம்? இந்தப் புத்தகத்தை இராசமாணிக்கம் அடிகளார் 1963லயே தூத்துக்குடியில மறுபதிப்பு செஞ்சுட்டார். அதைத் தேடி நம்ம ஊர்க் கல்லூரி ஒன்றுக்குப் போனேன் (பேர் வேண்டாம், விடுங்க). கேட்லாக்ல இருக்கு. பீரோ சாவி வெச்சிருக்கறவர் லீவு. மூணு தடவை போனேன், மூணு தடவையும் லீவு :-) ஹார்வர்டு பிரதியின் பக்கங்களையோ ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுல உக்காந்து திரையில பார்த்தேன். பூட்டின பீரோ எந்த நாட்டுல இருந்தா என்ன சார்?

ரெண்டாவது கோஷ்டி, "அது சாமி புத்தகம்தானே, நமக்கெதுக்கு?" இவங்ககிட்டதான் எனக்கு நிஜமாவே சண்டை. இது செபப் புத்தகம் மட்டும் இல்லை. 16ஆம் நூற்றாண்டுல கடற்கரை ஜனங்களுக்குப் புரியணும்னு எழுதின உரைநடை. செய்யுளா மட்டுமே தமிழைப் பார்த்துப் பழகினவங்களுக்கு இதெல்லாம் தங்கச் சுரங்கம். எழுத்துரு மேட்டர்ல கிறுக்கு உள்ளவங்க கடைசிப் பக்கத்தைப் பாருங்க: 1577ல கோவாவில் வார்த்த எழுத்து, 1578ல கொல்லத்துல வார்த்த எழுத்து, ரெண்டுக்கும் மாதிரி போட்டிருக்காங்க. நம்ம ஃபாண்ட் சண்டைக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா!

இதுல நம்ம தொழில் சம்பந்தப்பட்ட சிக்கல் ஒண்ணு இருக்கு. ஓலைச்சுவடி வழக்கப்படி அச்சடிச்சதால மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. 'க'வா 'க்'கா, இடம் பார்த்து நாமதான் படிச்சுக்கணும். எகர ஏகார வித்தியாசமும் அப்படித்தான். புள்ளி வெச்ச தமிழ்லயே பழகின எழுத்துணரி மென்பொருள்கிட்ட இதைக் கொடுத்தா முழிக்கும். மனுஷன்தான் எழுத்துக்கூட்டித் தட்டச்சணும், அச்சுல உள்ளபடி ஒண்ணு, புள்ளி வெச்சு ஒண்ணு. படமா மட்டும் கிடந்தா ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது. அதனால நூலகங்கள்கிட்ட நாம கேக்க வேண்டியது தாளை இல்லைன்னு நினைக்கிறேன். தெளிவான படமும், தட்டச்சின வடிவத்தைத் தடையில்லாம வெளியிடற அனுமதியும்தான்.

தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்துல இருந்த ப்ரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை (1679) அச்சு அசலா நகலெடுத்து, 1966ல கோலாலம்பூர்ல வெளியிட வெச்சார். மூலம் இருந்த இடத்துலயே இருக்கட்டும், நகல் ஊரெல்லாம் போகட்டும்னு ஒரு வேலை. ஸ்கேனர் இல்லாத காலத்துல!

1998ல மதுரைத் திட்டம் ஆரம்பிச்சப்ப ஆளாளுக்கு ஒரு நூலைத் தட்டச்சிதான் கொடுத்தாங்க. இது வெறும் 16 பக்கம். நான் முதல் ரெண்டு பக்கத்தைத் தொடங்கிட்டேன். பழைய கையெழுத்து படிக்கத் தெரிஞ்ச புண்ணியவான்கள் யாராவது மூணாம் பக்கத்துலேர்ந்து எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்.