பூச்சி மாத்திரையும் மூளைக்கட்டியும்: கேள்வி கேட்க வேண்டியது நாம்

திருமழிசை சிட்கோவில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் ஒருவருக்கு மூளைப் புற்றுநோய் வந்தால், பூந்தமல்லி வழியாக பஸ் ஏறி ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே கைகொடுக்கும். ஆனால் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய வகைக் கட்டி, அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை எல்லாம் முடிந்த பிறகும் பெரும்பாலும் திரும்ப வருகிறது. புதிய புற்றுநோய் மருந்துகளின் விலையோ சேரிக்கு எட்டுவதில்லை.

அதனால்தான் தோழர்களே, பழைய மலிவான மருந்தை இந்த நோய்க்குச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள் நமக்கு முக்கியம். பள்ளியில் நமக்குக் கொடுத்த பூச்சி மாத்திரை அல்பெண்டசோல். அதே குடும்பத்தைச் சேர்ந்தது மெபெண்டசோல். அது எலிகளின் மூளைக்கட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று 2011இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மும்பை டாடா நினைவு மையம் அதை மனிதர்களிடம் சோதித்தது. கட்டி திரும்ப வந்த 88 பேருக்கு, வழக்கமான இரு மருந்துகளில் ஒன்றுடன் மெபெண்டசோலும் கொடுக்கப்பட்டது. ஒன்பதாவது மாதத்தில் 55 சதவீதம் பேராவது உயிருடன் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2022இல் வெளியான முடிவில் ஒரு பிரிவில் 36.6, மற்றதில் 45 சதவீதம்தான்.

மருந்து தோற்றது. ஆய்வு வீண்போகவில்லை. பூச்சி மாத்திரை புற்றுநோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிச் சிகிச்சையை நிறுத்த நினைக்கும் குடும்பத்திடம் காட்ட, இப்போது நம் கையில் ஒரு பதில் இருக்கிறது.

காப்புரிமை முடிந்த மருந்தில் லாபமில்லை; கம்பெனிகள் அதைச் சோதிக்கப் பணம் போடாது. மக்கள் வரிப்பணத்தில்தான் நடக்க வேண்டும். மாநில அரசும் ஐ.சி.எம்.ஆரும் அரசு மருத்துவமனைகளில் இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

கூடவே விழிப்பும் வேண்டும். 2009இல் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டபோது, பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். நம் உடல் யாருக்கும் சோதனைக்கூடம் அல்ல.

மாணவத் தோழர்களே, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படியுங்கள். ஆய்வில் சேரச் சொல்லும் நோயாளியோடு உட்கார்ந்து, படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பாதிப்பு வந்தால் இழப்பீடு யார் தருவது, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். கற்பி, ஒன்றுசேர், போராடு என்பது மருத்துவமனை வார்டுக்கும் பொருந்தும்.

ஜெய் பீம்.