கோரையாறு போய்ச் சேரும் இடம்

நீடாமங்கலத்துக்காரர்களுக்கு மூணாறு தலைப்பைத் தெரியும். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். அங்கே பிரிந்த கோரையாறு முடிகிற இடத்தைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. கணவனும் மனைவியுமாக ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சாப்பாடும் குடிதண்ணீரும் குடையும் எடுத்துக்கொண்டு, மன்னார்குடி வழியாகக் காலையிலேயே முத்துப்பேட்டை போய்விட வேண்டும். பக்கத்து ஜாம்புவானோடையில் மோட்டார் படகு ஏறலாம். வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

படகு போவது அதே கோரையாற்றில்தான். வயல்கள் மறைந்து, இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் நெருங்கி நிற்கும். சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல நீட்டிக்கொண்டிருப்பவை அவற்றின் சுவாச வேர்கள். உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது. மேலே போனால் ஆறு அகன்று, கடலோர லகூனில் கலக்கும். குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் வரும்.

2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் இந்தக் காடு பலத்த அடி வாங்கியது. புயலை யாராலும் தடுக்க முடியாது. பிளாஸ்டிக் பையைத் தடுக்கலாம். சுவாச வேர்களைப் பை மூடிக்கொண்டால் மரத்துக்கு மூச்சு முட்டும். நீடாமங்கலத்தில் ஆற்றோடு போகிற குப்பைக்கும் போக்கிடம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிற தம்பதி, மறுநாள் கடைக்குப் போகும்போது துணிப்பையை மறக்க மாட்டார்கள்.