ஒரு பிள்ளை போனால் 15,000 ரூபாய் போகுமா?

மலையூர்ப் பள்ளி ஒன்றில் 31 பிள்ளைகள் படித்தால் ஆண்டு மானியம் 25,000 ரூபாய். ஒரு குடும்பம் பிழைப்புக்காகச் சேலத்துக்கு இறங்கிப் போய், எண்ணிக்கை 30 ஆனால் 10,000 ரூபாய். ஒன்றிய அரசின் ‘சமக்ர சிக்ஷா’ கல்வித் திட்டத்தின் பள்ளி மானிய விதி இப்படித்தான் இருக்கிறது. போனது ஒரு பிள்ளை, பறிபோவது 15,000. ஒழுகும் கூரை, பிள்ளைகளை எண்ணிவிட்டா ஒழுகுகிறது?

இந்தப் பத்தாயிரத்திலும் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்கு ஒதுக்க வேண்டுமாம். மாதத்துக்கு 83 ரூபாய். பினாயில் வாங்கவே அது பற்றாது. விதி எழுதிய அதிகாரிகள் ஒரு மாதம் அந்தப் பள்ளியின் கழிப்பறையைப் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

ஏற்காடு மலையில் நாகலூரைப் போன்ற ஊர்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். காப்பித் தோட்டக் கூலியை நம்பியிருப்பவர்கள். நாலைந்து தெரு கொண்ட சிற்றூரில் கூடுதல் பிள்ளைகளுக்கு எங்கே போவது? தமிழகத்தின் கருவள விகிதம் 2020இல் 1.4. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதைச் சாதனை என்று மேடையில் பேசிவிட்டு, அதன் விளைவுக்குப் பள்ளியைத் தண்டிப்பது என்ன நியாயம்?

ஆசிரியர் கணக்கு இன்னும் மோசம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மலையிறங்கினால், ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இதில் ஆகஸ்ட் 1 மாணவர் கணக்கெடுப்பு, ஆசிரியருக்கு ‘உபரி’ என்ற முத்திரை, வேறு பள்ளிக்குப் பணிநிரவல் வேறு. இதையெல்லாம் பார்க்கும் பெற்றோர் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகிறார்கள். எண்ணிக்கை இன்னும் சரிகிறது. அதையே காரணம் காட்டி மானியமும் சுருங்குகிறது.

2019இல் மாணவர் இல்லாத 40க்கும் மேற்பட்ட பள்ளிகள் நூலகங்களாக்கப்பட்டன. 2025இல் ஒரு மாணவர்கூட இல்லாத அரசுப் பள்ளிகள் 200ஐத் தாண்டின. பிறப்பு குறைந்ததே காரணம் என்று சொல்லி அரசு கைகழுவ முடியாது.

பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழக அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது ஒன்றிய அரசு. அரசியல் பிணக்குக்குப் பிள்ளைகளின் பணத்தைப் பணயமாக்கிய அச்செயல் கண்டிக்கத்தக்கது. ஆனால் அதையே சாக்காக்கி மாநில அரசு ஒதுங்கவும் நாம் விடமாட்டோம். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டிய அளவுக்கா நம் கருவூலம் வறண்டு கிடக்கிறது?

மலை, பழங்குடிப் பகுதிப் பள்ளிகளுக்குத் தலைக்கணக்கு பாராத அடிப்படை மானியத்தை நிர்ணயிக்க வேண்டும். பிள்ளைகள் எத்தனை பேரானாலும் குறைந்தது மூன்று ஆசிரியர்கள் வேண்டும். கிராம சபை ஒப்பாமல் எந்தப் பள்ளியையும் வேறு பள்ளியோடு இணைக்கக் கூடாது. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரிவது, காட்டுமாடு நடமாடும் சரிவில் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர் அல்ல.

அடுத்த ஆகஸ்ட் 1 கணக்கெடுப்புக்கு முன் இதற்கான அரசாணை வெளிவந்தாக வேண்டும்.