கால் மணி நேரம் முன்பே வரும் பிறந்தநாள்

பொத்தேரி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் ஒன்று. இரவு மணி 11.45. ஒரு மாணவனின் செல்போன் ஒலிக்கிறது. எதிர்முனையில் அம்மா பிறந்தநாள் வாழ்த்து சொல்கிறார். அப்படியென்றால் அந்தப் பையன் நேபாளத்துக்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நேபாளத்தின் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. காத்மாண்டுவில் 12 அடிக்கும்போது இங்கே மணி 11.45தான். அம்மாவின் கணக்கில் மகனுக்கு 19 வயது ஆகிவிட்டது. மகனுக்கோ இன்னும் கால் மணி நேரம் 18தான்!

வங்கதேசத்து மாணவிக்கு இதே அழைப்பு 11.30-க்கு வரும். கென்யாவில் இருக்கும் அம்மா, தன் ஊரில் நள்ளிரவு ஆகட்டும் என்று காத்திருந்து அழைத்தால் இங்கே அதிகாலை 2.30. பிள்ளை அரைத் தூக்கத்தில் எடுத்து, "ம்... ம்..." என்று மட்டும் சொல்வான்.

ஒரு காலத்தில் கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையோரம் ஏரியும் வயலுமாக இருந்த ஊர் பொத்தேரி. 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி வந்தது, பிறகு அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று டீக்கடை பெஞ்சில் இந்தியும் தெலுங்கும் மட்டுமல்ல, நமக்குப் பெயர் தெரியாத மொழிகளும் கேட்கின்றன. இங்கிருந்து ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளும் உண்டு. பள்ளி வயதிலேயே ரோட்டரி, ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளின் பரிமாற்றத் திட்டங்களில் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு சில மாதங்களோ ஓர் ஆண்டோ தங்கிப் படிப்பவர்களும் உண்டு. ரோட்டரியின் நீண்டகாலத் திட்டம் 15 முதல் 19 வயது வரையானவர்களுக்கு. அந்த ஓர் ஆண்டில் ஒரு பிறந்தநாள் வந்தே தீரும்.

சொன்னால்தான் தெரியும்

வீட்டில் இருக்கும்வரை பிறந்தநாளை யாரும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அம்மாவுக்கு நட்சத்திரம் நினைவிருக்கும், அப்பாவுக்குத் தேதி நினைவிருக்கும். பாட்டிக்கோ அன்று பெய்த மழைகூட நினைவிருக்கும். எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கோயிலில் அர்ச்சனை, வகுப்பில் சாக்லேட் எல்லாம் தானாக நடக்கும்.

அயல்நாட்டில் அந்தத் தேதி யாருக்கும் தெரியாது. அவனே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. வெட்கப்படுகிற பிள்ளைகள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். 'நாமே போய்ச் சொன்னால் பரிசு கேட்பதுபோல ஆகிவிடாதா?' என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். மற்ற நாள்போலவே வகுப்புக்குப் போய்வருவார்கள். மாலையில் வீட்டோடு வீடியோ காலில் சிரித்துவிட்டு, போனை வைத்ததும் தலையணையை நனைப்பார்கள். அவர்களைத் தங்கவைத்திருக்கும் குடும்பத்துக்குச் சில வாரம் கழித்து விஷயம் தெரியவரும். 'எங்களிடம் ஏன் சொல்லவில்லை?' என்று அவர்களும் வருந்துவார்கள்.

தராசில் உட்கார்ந்த சிறுவன்

இந்தத் தனிமையை அனுபவித்தவர்களில் ஒருவரின் பிறந்தநாளைத்தான் நாடு முழுக்கக் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அலகாபாத்தில் ஜவாஹர்லால் நேருவின் பிறந்தநாள் என்றால் வீடே திருவிழாதான். காலையில் பெரிய தராசில் ஒரு தட்டில் அவரை உட்காரவைத்து, மறு தட்டில் கோதுமை மூட்டைகளும் வேறு பொருள்களும் வைத்து நிறுப்பார்கள். அவை ஏழைகளுக்குப் போகும். பிறகு புத்தாடை, பரிசுகள், விருந்து. பிறந்தநாள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதே தன் பெரிய குறையாக இருந்தது என்று சுயசரிதையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அடிக்கடி வரவேண்டும் என்று போராட்டமே நடத்திப் பார்த்தாராம்!

1905-ல் அவரை இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் சேர்த்தபோது வயது 15. பெற்றோர் பள்ளியில் விட்டுவிட்டு ஐரோப்பாவைச் சுற்றிப்பார்க்கப் போனார்கள், சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். அந்நியர் நடுவில் முதன்முறையாகத் தனியே விடப்பட்டதில் தனிமையும் வீட்டு ஏக்கமும் வாட்டின, ஆனால் அது நீண்ட நாள் நீடிக்கவில்லை என்கிறார். அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று அவருக்கு 16 நிறைந்தது. ஹாரோ விடுதியில் தராசுக்கும் கோதுமை மூட்டைக்கும் எங்கே போவது?

அந்தக் காலத்தில் வாழ்த்துக் கடிதம் கப்பலில்தான் வரவேண்டும். இன்று நொடியில் வருகிறது. ஆனாலும் ஏக்கம் குறைந்தபாடில்லை. ஏனென்றால் குறை வாழ்த்தில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட ஆள் இல்லாததுதான் குறை.

ஊருக்கு ஊர் ஒரு வழக்கம்

போகிற நாட்டின் வழக்கத்தை முன்பே தெரிந்துகொண்டால் பாதிச் சங்கடம் தீரும். ஜெர்மனியில் பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்துச் சொல்வது அபசகுனம். இங்கே நள்ளிரவு 12-க்கு அம்மா ஆசையாக அழைத்தால், குளிர்காலத்தில் அங்கே முந்தைய நாள் இரவு 7.30தான். பையன் சங்கடத்தோடு நெளிவதற்குக் காரணம் பாசம் குறைந்தது அல்ல. வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருப்பதுதான்! இன்னொன்று, அங்கே பிறந்தநாள் கொண்டாடுபவர்தான் கேக் கொண்டுபோய் மற்றவர்களுக்குத் தரவேண்டும். வகுப்பில் சாக்லேட் கொடுத்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை.

நெதர்லாந்தில் பிறந்தநாள் கொண்டாடுபவரோடு அவருடைய அப்பா, அம்மா, அண்ணன், தங்கைக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்வார்கள். கொரியாவில் பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் தருவார்கள். குழந்தை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் பத்திய உணவு அது. ஆண்டுதோறும் அதைக் குடிக்கும்போது, பெற்றவள் பட்ட பாடு நினைவுக்கு வரும். நம் வீட்டுப் பிரசவ மருந்தை நினைத்துக்கொண்டால் அந்தச் சூப் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பிள்ளை வெளிநாட்டில் இருக்கும்போது பிறந்தநாள் வந்தால் பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு.

• எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். நியூயார்க்கில் இருப்பவருக்கு நம் நள்ளிரவு என்பது முந்தைய நாள் மதியம் 1.30 அல்லது 2.30. வகுப்பில் இருப்பார்கள்.

• சித்தப்பா, அத்தை, பெரியம்மா என்று ஆளுக்கொரு நேரம் அழைத்து நாள் முழுவதையும் போனிலேயே கழிக்கவைக்காதீர்கள். ஒரே அழைப்பில் எல்லோரும் வாருங்கள். மீதி நாள் அந்த ஊர் நண்பர்களுக்கு.

• ஒரு பலகாரம் செய்யச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். சேமியா பாயசம் போதும். பாலும் சர்க்கரையும் எங்கும் கிடைக்கும், ஒரு பாக்கெட் சேமியா பெட்டியில் இடத்தை அடைக்காது. முந்திரி போடும் முன், வீட்டில் யாருக்காவது கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உணவுப் பொருள்களுக்குக் கெடுபிடி அதிகம். விதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

• பல வெளிநாட்டு விடுதி அறைகளில் விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றக் கூடாது. கற்பூரம் கொளுத்தினால் புகை எச்சரிக்கை மணி அடித்துக் கட்டடமே வாசலுக்கு வந்துவிடும்!

• முக்கியமாக, தேதியை அந்தக் குடும்பத்துக்கு முன்பே சொல்லிவிடப் பழக்குங்கள். "வெள்ளிக்கிழமை எனக்குப் பிறந்தநாள், எங்கள் ஊர் இனிப்பு செய்து தரட்டுமா?" என்று ஒரு வாக்கியம் போதும். அது கேட்பது அல்ல, கொடுப்பது.

தபாலில் வந்த பரிசு

ஹாரோவில் 16 வயதைத் தொட்ட அந்தப் பையன், 25 ஆண்டு கழித்து அப்பாவாக இதே சிக்கலைச் சந்தித்தார். 1930-ல் மகள் இந்திராவுக்கு 13-வது பிறந்தநாள். அப்பா நைனி சிறையில். நம் வீடுகளில் நட்சத்திரம் பார்ப்பதுபோல அவர்கள் வீட்டிலும் மரபு நாட்காட்டி உண்டு. அதன்படி நவம்பர் 19-க்குப் பதில் அக்டோபர் 26 அன்றே பிறந்தநாள் வந்தது. சிறையிலிருந்து என்ன பரிசு அனுப்ப முடியும்? கையில் இருந்தது காகிதம்தான். கடிதம் எழுதினார். அது 1933 வரை தொடர்ந்து கிட்டத்தட்ட 200 கடிதங்களாகப் பெருகி, ஒரு பெரிய நூலானது. அதை 'உலக சரித்திரம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஓ.வி.அளகேசன். பொத்தேரிக்கு அடுத்துள்ள செங்கல்பட்டின் மக்களவை உறுப்பினராக இருந்தவர்.

200 கடிதம் வேண்டாம். ஒரு பக்கம் கையால் எழுதி, பெட்டிக்கு அடியில் வைத்து, 'பிறந்தநாள் அன்று பிரி' என்று உறையில் எழுதினால் போதும். வீடியோ கால் முடிந்துவிடும். கடிதத்தை அன்று இரவே இன்னொரு முறை படிக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை

நம் பிள்ளைக்கு எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒரு அம்மா கேக் செய்து தரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அதே ஆசையோடு காத்மாண்டுவிலும் டாக்காவிலும் நைரோபியிலும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் பொத்தேரியில் நம் மாடி போர்ஷனிலும் எதிர் ஃபிளாட்டிலும் குடியிருக்கிறார்கள். பிறந்தநாள் என்றாலே முதுகில் மொத்துவது, முகத்தில் கேக்கை அப்புவது என்ற விடுதி வழக்கம் அவர்களில் சிலரை மிரளவைக்கும். ஒரு டம்ளர் பாயசம் யாரையும் மிரளவைக்காது.

வாடகை ஒப்பந்தம் எழுதும்போது அடையாள அட்டை வாங்குகிறோம். அதில் பிறந்த தேதியும் இருக்கிறது. காலண்டரில் குறித்துவையுங்கள். நேபாளத்துப் பிள்ளையாக இருந்தால் 12 மணிவரை காத்திருக்க வேண்டாம். 11.45-க்கே கதவைத் தட்டலாம்.