பிழைச்செய்தியும் ஒரு பாடமே!

கணினியில் பிழைச்செய்தி தோன்றியதும் நம்மில் பலர் செய்வது என்ன? படிக்காமலேயே அதை மூடிவிட்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவத் தொடங்குகிறோம். நோயின் மூலத்தை நாடச் சொன்ன வள்ளுவர் பிறந்த நாட்டில் இது தகுமா?

லினக்ஸ் கணினியில் இயங்கும் எஃப்.டி.பி. சேவையகத்தையே எடுத்துக்கொள்வோம். கோப்புகளைக் கணினிக்குக் கணினி அனுப்பும் இம்முறையின் முதல் வரைவை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர். ஆனால் இன்றும் அதில் இணைப்புக் கிடைக்கவில்லையெனில் நாம் கலங்கிப்போகிறோம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் உழவரைப் பாருங்கள். 1895 முதல் பெரியாற்று நீரை நம்பி வாழும் மண் இது. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அவர் புதிதாக வாய்க்கால் வெட்டப் புறப்படுவதில்லை. தலைமதகிலிருந்து ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டே வருகிறார். இணைப்புப் பிழைக்கும் அதுவே வழி.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், பெரும்பாலும் எதிர்க்கணினி விழித்திருக்கிறது. 21-ஆம் எண் போர்ட்டில்தான் கேட்பாரில்லை. சேவை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘டைம்டு அவுட்’ என்று வந்தால், பதிலே இல்லை என்று பொருள். முகவரி தவறா, வலையமைப்பு அறுந்ததா, ஃபயர்வால் தடுக்கிறதா எனத் தேட வேண்டும். ‘530’ என்ற எண் வந்தால் வழியில் குறையில்லை. உள்ளே நுழையத்தான் அனுமதி கிடைக்கவில்லை. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பார்த்தபின், அப்பயனருக்குச் சேவையக அமைப்பில் தடை உண்டா என்றும் பார்க்கலாம்.

நுழைந்த பின்னும் கோப்புப் பட்டியல் வராமல் நிற்பதுண்டு. எஃப்.டி.பி.க்கு இரண்டு வாய்க்கால்கள்: ஒன்று கட்டளைக்கு, மற்றொன்று கோப்புக்கு. முதலாவது திறந்திருந்து, இரண்டாவது ஃபயர்வாலில் அடைபட்டால் இந்நிலை வரும். பாஸிவ் முறைக்குரிய போர்ட்டுகளைக் குறிப்பிட்டு, அவற்றை மட்டும் திறந்தால் போதும். ஃபயர்வாலையே அணைப்பது, தண்ணீர் பாயவில்லையென்று கரையை உடைப்பதற்கு ஒப்பாகும். தண்ணீர் வரும், வயலும் போகும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய எஃப்.டி.பி. கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்புகிறது. 22-ஆம் போர்ட்டில் மறையாக்கத்துடன் செல்லும் எஸ்.எஃப்.டி.பி. இருக்க, புதிதாகத் தொடங்குவோர் பழையதைப் பற்றிக்கொள்வானேன்?

நம் செய்முறை வகுப்புகளில் நல்ல கணினியைக் கொடுத்து, எழுதிய படியே கட்டளைகளைத் தட்டச்செய்து, பதிவேட்டில் ஒப்பம் பெறுகிறோம். பழுதான கணினியைக் கொடுத்துக் காரணம் கேட்பதுண்டா? பாடத்திட்டத்திற்கே நேரம் போதவில்லை என்று ஆசிரியப் பெருமக்கள் கூறலாம், உண்மையே. ஆயினும் பருவத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சேவையை நிறுத்தியோ ஒரு போர்ட்டை அடைத்தோ வையுங்கள், மாணவர் கண்டுபிடிக்கட்டும், அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

லினக்ஸ் நமக்கு அந்நியமன்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் சிற்றூர் வீடுகளுக்கும் வந்தது. கருவி வந்தது; பழுதறியும் பழக்கம் வரவேண்டாமா? தேனியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்லும் நம்மிடம், “நிறுவத் தெரியுமா?” என்று மட்டும் கேட்கமாட்டார்கள். “ஏன் ஓடவில்லை?” என்றே கேட்பார்கள்.

அதற்கு விடை சொல்லும் பட்டதாரிகளாக வெளியேறுவோம். பிழையைக் கண்டு அஞ்சாதீர், முதலில் படியுங்கள்!